மச்சை அறையாக்கும்போது படியில் தலை இடித்தால்: ஒரு பழைய மதுரை ஓட்டு வீட்டின் கணக்கு

கேள்வி இது. மதுரையில் மாசி வீதிகளுக்கு உட்பட்ட பகுதியில் பழைய மங்களூர் ஓட்டு வீடு. சுவருக்குச் சுவர் உள் அகலம் 16 அடி. கீழ்த்தரையிலிருந்து மச்சுத்தரை 9 அடி உயரத்தில் இருக்கிறது. மச்சில் பக்கச்சுவர் 3 அடி மட்டும் எழும்பி நிற்க, அதன் மேலிருந்து ஓடு சரிவாக முகட்டுக்கு ஏறுகிறது. இதுவரை தட்டுமுட்டுச் சாமான் கிடந்த மச்சை அறையாக்க வேண்டும். இப்போதுள்ள மரப்படி 12 ஏற்றம். ஒவ்வொன்றும் 9 இஞ்ச் உயரம், 8 இஞ்ச் மிதி. மச்சுத்தரையில் விட்டிருக்கும் திறப்பு 5 அடி நீளம். இறங்கும்போது கீழிருந்து நாலாவது படியில் நெற்றி இடிக்கிறது. சுவரிலிருந்து 3 அடி தள்ளி ஏறி முடிக்கும் இடத்தில் கைமரம், அதாவது ஓட்டைத் தாங்கும் சரிவுக் கட்டை, இடிக்கிறது. படியை இன்னும் கொஞ்சம் செங்குத்தாக்கினால் சரியாகிவிடும் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?

வேண்டாம். உங்கள் வீட்டில் தலை இடிப்பது இரண்டு இடங்களில். இரண்டுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. நாலாவது படியில் இடிப்பது மச்சுத்தரையின் விளிம்பு; அங்கே குறை திறப்பின் நீளத்தில். மேலே இடிப்பது கூரைச் சரிவு. அங்கே குறை படி ஏறும் திசையில். செங்குத்தாக்கினால் முதல் இடி சற்றுக் குறையும், இரண்டாவது ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஏற்கெனவே 9 இஞ்ச் ஏற்றம் என்பது வயதானவர்கள் பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்க முடிகிற உயரம். அதை இன்னும் கூட்டுவது ஆபத்து.

வேலைக்கு ஆள் பேசும்போது ஒரு சொல்லில் கவனமாக இருங்கள். நம் ஊர்க் கொத்தனாரிடம் ‘ஹெட்ரூம்’ என்றால் மொட்டை மாடியில் படிக்கு மேலே கட்டும் சின்ன அறை என்றுதான் புரிந்துகொள்வார். அதை வைத்து மதிப்பீடும் போட்டுத் தந்துவிடுவார். ‘படி மூக்கிலிருந்து தலைக்கு மேலே தடையில்லாத உயரம்’ என்று முழுதாகச் சொல்லி, எத்தனை அடி எத்தனை இஞ்ச் என்றும் தாளில் எழுதிக் கொடுங்கள். படி மூக்கு என்பது மிதியின் முன் விளிம்பு.

எவ்வளவு உயரம் வேண்டும்? இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு படிக்கு மேலே 2.2 மீட்டர் கேட்கிறது, அதாவது 7 அடி 2½ இஞ்ச். வீட்டுப் படிக்கு ஏற்றம் 190 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, மிதி 250 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்றும் அது சொல்கிறது: ஏற்றம் 7½ இஞ்ச், மிதி 10 இஞ்ச் என்று மனதில் வைத்தால் போதும். மச்சை அறையாக்கும் வேலை அதிகம் நடக்கிற இங்கிலாந்தில் பொது அளவு 2 மீட்டர். மச்சில் இடமே இல்லை என்றால் படியின் நடுக்கோட்டில் 1.9 மீட்டர், சரிவு இறங்கும் ஓரத்தில் 1.8 மீட்டர் வரை அங்கே விட்டுக்கொடுக்கிறார்கள். நம்மூரில் அது சட்டப்படி செல்லாது. ஆனாலும் எந்த அளவுக்குக் கீழே போனால் அந்தப் படியே கூடாது என்பதற்கு அதை ஒரு கோடாக வைத்துக்கொள்ளலாம். 2.2 மீட்டரைக் குறிவைத்து வரையுங்கள். ஏதாவது ஒரு மூலையில் 2 மீட்டர், அதாவது 6 அடி 7 இஞ்ச் கிடைத்தால் சமாளிக்கலாம். அதற்குக் கீழே சம்மதிக்காதீர்கள்.

அளக்கும் முறையில்தான் பாதித் தவறு நடக்கிறது. படியின் மிதியில் டேப்பை ஊன்றி மேலே அளந்தால் கணக்கு பொய்க்கும். எல்லாப் படி மூக்குகளையும் தொட்டபடி ஒரு நூலை மேலிருந்து கீழ்வரை இழுத்துக் கட்டுங்கள். அதுதான் சரிவுக்கோடு. தடை எங்கே இருக்கிறதோ அங்கிருந்து தூக்குக்குண்டை விட்டு, நூலைத் தொடும் வரை உள்ள செங்குத்து உயரத்தை எடுங்கள். தரைமட்டங்களை டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்துப் பாருங்கள். பழைய வீட்டில் முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் வித்தியாசம் சாதாரணம். கீழே புதிதாக டைல்ஸ் ஒட்டப்போகிறீர்களா, மச்சில் பலகைக்கு மேல் பிளைவுட் வருமா, கைமரத்துக்கு அடியில் சீலிங் அடிப்பீர்களா என்பதை அளப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். இவை மூன்றும் சேர்ந்தால் 3, 4 இஞ்ச் போய்விடும். பிற்பாடு டைல்ஸ் ஒட்டினால் முதல் படி குட்டையாகும், மச்சில் பலகை ஏற்றினால் கடைசிப் படி நெட்டையாகும். ஒரே ஏற்றத்துக்குப் பழகிய கால் அங்கேதான் தடுமாறும்.

இனி கணக்கு. திறப்பின் நீளத்தை, மேல்தரையைத் தொடும் கடைசிப் படி மூக்கிலிருந்து எதிர் விளிம்பு வரை எடுக்க வேண்டும். வேண்டிய தலை உயரத்தோடு மச்சுத்தரையின் கனத்தைக் கூட்டுங்கள். அதை மிதியால் பெருக்கி ஏற்றத்தால் வகுங்கள். வருவதுதான் தேவையான நீளம். கனம் என்றால் பலகையின் மேல் முகத்திலிருந்து கட்டையின் அடி முகம் வரை. உங்கள் வீட்டில் 6 இஞ்ச் என்று வைத்துக்கொள்கிறேன்.

இப்போதுள்ள படியில் திறப்பு 60 இஞ்ச். 60-ஐ 9-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 67½. கனம் 6 போக 61½ இஞ்ச், அதாவது 5 அடி 1½ இஞ்ச். ஐந்தரை அடி ஆள் குனியாமல் இறங்க வழியே இல்லை. ஏறும்போது கண் மேலே பார்க்கும், தலை தானாகக் குனிந்துகொள்ளும். இறங்கும்போது கண் காலைப் பார்க்கிறது, உடம்பு முன்னால் சாய்கிறது, நெற்றி நேராக விளிம்பில் போய் மோதுகிறது. அதனால்தான் இடி எப்போதும் இறங்கும்போதே விழுகிறது.

சரியான படிக்கு வருவோம். 9 அடி என்றால் 108 இஞ்ச். 15 ஏற்றமாகப் பிரித்தால் ஒன்று 7.2 இஞ்ச். மிதி 10 இஞ்ச் வீதம் 14 மிதி, மொத்த ஓட்டம் 140 இஞ்ச். இதற்கு 2.2 மீட்டர் தலை உயரம் கிடைக்கத் திறப்பு 129 இஞ்ச் நீளம் வேண்டும். 2 மீட்டர் போதும் என்றால் 118 இஞ்ச். ஆக, நேர்ப்படிக்கு 10 அடியை ஒட்டிய திறப்பு வேண்டும். உங்களிடம் இருப்பது 5 அடி.

இந்தக் கணக்கில் வீட்டின் தரையிலிருந்து மச்சுவரை உள்ள 9 அடி எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். படியின் சரிவும் மேல்தரையின் கனமும் மட்டுமே திறப்பின் நீளத்தைத் தீர்மானிக்கின்றன. எனவே ‘கீழ்த்தரையை அரை அடி வெட்டி இறக்கினால் தலை தப்பும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். படி எண்ணிக்கைதான் கூடும். அதோடு, தெருவில் மேலே மேலே ரோடு போட்டு வீடுகள் பள்ளத்தில் இறங்கி நிற்கும் பகுதியில் தரையை வெட்டுவது ஐப்பசி மழையை வீட்டுக்குள் அழைப்பதாகும்.

சில இஞ்ச் மட்டும் குறைகிற வீட்டுக்கு இரண்டு சின்ன வழிகள் உண்டு. முதல் வழி, விளிம்பின் அடிப்பக்கத்தைச் சாய்வாகச் சீவுவது. 6 இஞ்ச் கனமுள்ள விளிம்பை 45 பாகையில் சீவினால் நாலு இஞ்சுக்கு மேல் கிடைக்கும். விளிம்பில் ஓடும் கட்டையைச் சீவக்கூடாது. கட்டையை 6 இஞ்ச் பின்னால் தள்ளிவிட்டு, முன்னால் நீட்டிய பலகையின் அடியில் சாய்வுப் பலகை அடிக்க வேண்டும். இரண்டாவது வழி, மச்சுப் பக்கம் விளிம்பை ஒரு பெட்டியாகத் தூக்குவது. திறப்பை நீட்டி வெட்டிவிட்டு, நீட்டிய பகுதிக்கு மேல் 18 இஞ்ச் உயரத்தில் பெட்டி கட்டினால் மேலே உட்காரும் திண்ணையோ புத்தக அலமாரியோ ஆகும். 18 இஞ்ச் உயரத்துக்கு 25 இஞ்ச் நீளத் தரை இப்படி மிச்சமாகும். உங்களுக்கு ஏறக்குறைய 2 அடி தலை உயரம் குறைகிறது. இவை மட்டும் போதாது.

அடுத்தது கூரைச் சரிவு. என் அனுபவத்தில் ஆட்கள் அதிகம் கோட்டைவிடுவது இதில்தான். கூரையின் சரிவை அளக்க, கைமரத்தின் அடியில் ரசமட்டத்தை மட்டமாகப் பிடித்து, 12 இஞ்ச் தள்ளிய இடத்தில் கைமரம் எவ்வளவு மேலே இருக்கிறது என்று பாருங்கள். மங்களூர் ஓட்டுக் கூரையில் 7 இஞ்ச் வருவது வழக்கம். ஏறக்குறைய 30 பாகை. உங்கள் வீட்டுக்கும் அதையே எடுத்துக்கொண்டு போடுகிறேன். பக்கச்சுவர் 36 இஞ்ச். முகடு சுவரிலிருந்து 96 இஞ்ச் தள்ளி இருப்பதால் அங்கே உயரம் 92 இஞ்ச், 7 அடி 8. சுவரிலிருந்து 3 அடி தள்ளி வெறும் 57 இஞ்ச். உங்கள் படி அந்த 57 இஞ்ச் இடத்தில்தான் போய் முடிகிறது, 4 அடி 9 இஞ்ச் உயரத்தில்.

படி சுவரை நோக்கி ஏறினால் ஒவ்வொரு படிக்கும் கால் 7.2 இஞ்ச் உயர்கிறது, கூரை 5.8 இஞ்ச் தாழ்கிறது. ஒரு படிக்கு 13 இஞ்ச் தலை உயரம் போகிறது. அதே படி முகட்டை நோக்கி ஏறினால் கூரையும் கூடவே 5.8 இஞ்ச் ஏறும். ஒரு படிக்கு இழப்பு ஒன்றரை இஞ்சுக்கும் குறைவு. ஒரே படி, ஒரே கூரை, திசை மட்டும் வேறு. அதனால் ஓட்டு மச்சுக்குப் படி போடும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது: கடைசிப் படி முகட்டுக்கு அடியில் முடிய வேண்டும், அதற்கு முந்தைய படிகள் முகட்டை நோக்கி ஏற வேண்டும். திசை தவறினால் மற்றது எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

ஆனால் 140 இஞ்ச் நேர்ப்படியை 16 அடி அகலத்தில் முகட்டை நோக்கி வைத்தால், முகட்டைத் தாண்டி எதிர்ச் சரிவில் போய் முட்டும். ஆகவே படியை மடக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இந்த அமைப்பு. ஒரு பக்கச்சுவரை (தெற்குச் சுவர் என்று வைத்துக்கொள்வோம்) ஒட்டி நீளவாக்கில் முதல் கட்டுப்படி, 9 ஏற்றம், 8 மிதி, 80 இஞ்ச். அதன் முடிவில் 3 அடிக்கு 3 அடி லேண்டிங். அங்கிருந்து வடக்கே திரும்பி முகட்டை நோக்கி இரண்டாம் கட்டு, 6 ஏற்றம், 5 மிதி, 50 இஞ்ச். அகலம் எங்கும் 3 அடி. லேண்டிங் தரையிலிருந்து 65 இஞ்ச் உயரத்தில் நிற்கும்.

இதில் உயரங்களைச் சரிபாருங்கள். லேண்டிங்கில் சுவரோரத்தில் 79 இஞ்ச், அதாவது 6 அடி 7. லேண்டிங் நடுவில் 7 அடி 5½. கடைசிப் படி மூக்கு சுவரிலிருந்து 86 இஞ்ச் தள்ளி வருகிறது. அங்கே கூரை 86 இஞ்ச் உயரம், 2.2 மீட்டருக்கு அரை இஞ்ச்தான் குறைவு. அடுத்த எட்டில் முகட்டுக்கு அடியில் நிற்கிறீர்கள். முகட்டு வளை கைமரத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தால் அதன் அடி முகத்தையும் அளந்து பாருங்கள். திறப்பு ‘ட’ வடிவில் வரும்: இரண்டாம் கட்டும் லேண்டிங்கும் முழுதாகத் திறந்திருக்க வேண்டும், முதல் கட்டுக்கு மேலே லேண்டிங்கிலிருந்து 69 இஞ்ச் வரை திறக்க வேண்டும். சுவரோரமாக 105 இஞ்ச் நீளம், மொத்தப் பரப்பு 39 சதுர அடியை ஒட்டி. மச்சில் இவ்வளவு தரை போகிறதே என்று தயங்க வேண்டாம். போவதில் பெரும்பகுதி சுவரை ஒட்டிய 3 அடிப் பட்டை. ஐந்தடி உயரம்கூட இல்லாத, நிமிர்ந்து நிற்க முடியாத இடம்.

இரண்டாம் கட்டை ஏன் 5 மிதியோடு நிறுத்தினேன்? இப்படிப்பட்ட வீடுகளில் மச்சுக் கட்டைகளைத் தாங்க, முகட்டுக்கு நேர் கீழே நீளவாக்கில் நடு உத்திரம் ஓடுவது வழக்கம். ஏற்றங்களை 7, 8 என்று அழகாகச் சமமாகப் பிரித்தால் இரண்டாம் கட்டு 106 இஞ்ச் வரை போய் அந்த உத்திரத்தை வெட்டச் சொல்லும். நடு உத்திரத்தை வெட்டவே கூடாது. ஆசாரியோ வெல்டரோ ‘பக்கத்தில் ஒரு முட்டுக் கொடுத்துக்கலாம்’ என்றாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். படியின் பிரிப்பை மாற்றுங்கள், உத்திரத்தைத் தொடாதீர்கள்.

மச்சுக் கட்டைகள் தெற்குச் சுவரிலிருந்து நடு உத்திரத்துக்கு, அதாவது குறுக்குவாட்டில் ஓடும். கட்டைகள் ஒன்றரை அடி இடைவெளியில் இருந்தால், 105 இஞ்ச் திறப்பில் ஐந்தாறு கட்டைகளின் சுவர்ப்பக்க முனை வெட்டுப்படும். வெட்டுவதற்கு முன்பு சுமை எங்கே போய் இறங்கப்போகிறது என்பதற்கு வழி செய்ய வேண்டும். வரிசை இது. முதலில் திறப்புக்கு வெளியே, கட்டைகளுக்கு அடியில் ஒரு கிடைமட்டப் பலகை வைத்து, 3 அடிக்கு ஒன்றாக ஜாக்கி முட்டு கொடுங்கள். முட்டின் கால் பழைய தரைக்கல்லில் நேராக நிற்கக்கூடாது, கீழேயும் பலகை வேண்டும். அடுத்து, சுவரிலிருந்து 3 அடி தள்ளி, சுவருக்கு இணையாக ஒரு தாங்கு உத்திரம். இரும்பில் போடுவதென்றால் ஐ.எஸ்.எம்.பி. 150 (150 மில்லிமீட்டர் உயரமுள்ள ‘I’ வடிவ இரும்பு உத்திரம்) இந்த நீளத்துக்கும் சுமைக்கும் தாராளம். மீட்டருக்கு ஏறக்குறைய 15 கிலோ, இரண்டு பேர் தூக்கிவிடலாம். ஒரு முனை திறப்பைத் தாண்டிய முழுக்கட்டையில் நிற்க வேண்டும். அந்தக் கட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டையைச் சேர்த்து, அரை இஞ்ச் போல்ட் போட்டு இரட்டையாக்குங்கள். மறு முனைக்கு, ‘ட’வின் உள்மூலையில் தரையிலிருந்து 3 இஞ்ச் சதுர இரும்புத் தூண் ஒன்று நிறுத்துங்கள். அது பின்னால் கைப்பிடிக்கும் தூணாகும். தூணின் அடியில் ஒரு அடிக்கு ஒரு அடி தகடு, அதன் கீழே தோண்டிப் போட்ட கான்கிரீட் பாதம். பழைய வீட்டின் தரைக்கல்லை நம்பி அதன் மேல் தூண் ஊன்றக்கூடாது, அடியில் வெறும் மணல்தான் இருக்கும்.

இரண்டாம் கட்டின் இரு பக்கமும் உள்ள முழுக்கட்டைகளையும் இதே போல இரட்டையாக்குங்கள். அங்கே நடுவில் வெட்டுப்படும் இரண்டு கட்டைகளின் மிச்சத் துண்டு நடு உத்திரத்தின் மேல் அந்தரத்தில் நிற்காதபடி ஒரு குறுக்குக் கட்டை அடியுங்கள். தாங்கு உத்திரத்தில் வெட்டிய கட்டைகளை ஆணியால் மட்டும் அடித்து நிறுத்துவது பெரிய தவறு. 5 மில்லிமீட்டர் தகட்டில் ‘ப’ வடிவ ஏந்தி செய்து உத்திரத்தில் வெல்டிங் வைத்து, கட்டையை அதற்குள் உட்கார வைத்துப் போல்ட் போட வேண்டும். எல்லாம் இறுகிய பிறகுதான் அறுக்க வேண்டும். அறுக்கும்போது ரம்பம் கவ்விப் பிடித்தால் கட்டை இன்னும் சுமை தாங்குகிறது என்று அர்த்தம். நிறுத்தி, முட்டைச் சற்று ஏற்றிவிட்டு அறுங்கள்.

சுவரில் உத்திரம் ஏற வேண்டி வந்தால் சுண்ணாம்புக் கலவைச் செங்கல் சுவரில் நேரடியாக வைக்காதீர்கள். அடியில் ஒன்றரை அடி நீளக் கான்கிரீட் பெட் பிளாக் போட்டு, குறைந்தது 6 இஞ்ச் உட்கார வையுங்கள். மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பக்கம் பக்கச்சுவர் பல வீடுகளுக்குப் பொதுச்சுவர். அதில் குடைவதற்கு முன் பக்கத்து வீட்டாரிடம் சொல்லி, அந்தப் பக்கச் சுவரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வெடிப்பு பற்றிப் பேச்சு வந்தால் பழையதா புதியதா என்று காட்ட அதுதான் உதவும்.

இன்னொன்று: தட்டுமுட்டுச் சாமானுக்குப் போட்ட மச்சும் மனிதர் வாழும் அறையும் ஒன்றல்ல. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875 வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் சுமை எடுக்கச் சொல்கிறது, ஏறக்குறைய 200 கிலோ. படிக்கு 3 கிலோநியூட்டன். திறப்பு வெட்டும் முன் ஒவ்வொரு கட்டையின் சுவர் முனையையும் உளியால் குத்திப் பாருங்கள். கரையான் உள்ளிருந்து தின்றுவிட்டு வெளித்தோலை மட்டும் விட்டிருக்கும். உளி சுலபமாக இறங்கினால் அந்தக் கட்டையை மாற்றியாக வேண்டும். இந்தக் கட்டத்தில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை ஒருமுறை வீட்டுக்கே வரவழைத்துக் காட்டுவது செலவல்ல. நான் சொன்ன அளவுகளை அவர் உங்கள் கட்டைகளைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

உங்கள் மச்சு மரத்துக்குப் பதிலாக மெட்ராஸ் டெரஸ் தட்டட்டியாக இருந்தால் மேலே சொன்ன வெட்டு வேலை அப்படியே பொருந்தாது. கட்டைகளுக்கு மேல் குத்துச்செங்கல் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்து நிற்பதால், ஒரு வரிசையை எடுத்தால் பக்கத்து வரிசையும் தளரும். விளிம்பு முழுக்க இரும்புச் சட்டம் கொடுத்த பிறகே செங்கல்லை எடுக்க வேண்டும். ஆர்.சி.சி. தளமென்றால் கம்பி எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரியாமல் ஒரு அடிகூட உடைக்காதீர்கள்.

லேண்டிங்குக்கும் இடம் போதவில்லை என்றால் அந்த 3 அடிச் சதுரத்தையே மூன்று முக்கோணப் படிகளாகப் பிரிக்கலாம். இரண்டு ஏற்றம் அங்கேயே கழிந்துவிடும், ஓட்டத்தில் 20 இஞ்ச் மிச்சம். உள்மூலையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நடக்கும் கோட்டில் மிதி 9½ இஞ்ச்தான் வரும், உள்மூலையில் ஒன்றுமே இருக்காது. குழந்தைகளும் பெரியவர்களும் இருக்கிற வீட்டில் நான் இதைத் தவிர்க்கவே சொல்வேன்.

சுழல் படியை இரும்புக் கடைக்காரர்கள் உடனே காட்டுவார்கள். 9 அடிக்கு 14 ஏற்றம், ஒரு முழுச் சுற்றுக்கு 12 மிதி என்று வையுங்கள். மேலே ஏறி நிற்கும் மேடை கால் வட்டம் என்றால் அதன் அடியில் நாலாவது படி மாட்டிக்கொள்ளும். மச்சுக் கனம் போக அங்கே 71 இஞ்ச்தான், 5 அடி 11. மேடையை 60 பாகையாகச் சுருக்கினால் மூன்றாவது படியோடு நின்று 79 இஞ்ச் கிடைக்கும். வெளி விட்டம் 5 அடிக்குக் குறையக்கூடாது. கட்டிலோ பீரோவோ அதில் ஏறாது என்பதையும் யோசியுங்கள்.

படியை எந்தக் காரணத்தாலும் திருப்பவே முடியாத வீட்டில், படிக்கு மேலே மட்டும் கூரையைத் தூக்கலாம். நாலடி அகலத்துக்கு ஓட்டைப் பிரித்து, நடுக் கைமரங்களை வெட்டி, மேலும் கீழும் குறுக்குக் கட்டை கொடுத்து, முகட்டிலிருந்து சுவர்ப்பக்கம் லேசாகச் சரியும் தனிக்கூரை போட வேண்டும். சரிவு குறைவாக இருப்பதால் ஓடு இங்கே நிற்காது, காற்றடித்தால் மழைநீர் ஓட்டுக்கு அடியில் ஏறிவிடும். நடுவில் ஒட்டில்லாத ஒரே நீள உலோகத் தகடுதான் சரி. பக்கங்களில் தகடு ஓட்டுக்கு அடியில் குறைந்தது 6 இஞ்ச் நுழைந்திருக்க வேண்டும். முன்பக்கத்தில் சின்ன ஜன்னல் வையுங்கள். சித்திரை, வைகாசியில் ஓட்டுக்கு அடியில் தேங்கும் வெக்கை படித் திறப்பின் வழியாகக் கீழே உறைக்காமல் அந்த ஜன்னல் வழியாக வெளியேறும்.

கடைசியாக, படியைத் தாண்டிய ஒரு விஷயம். படி சரியாகிவிட்டாலும் உங்கள் மச்சு விதிப்படி படுக்கையறை ஆகாது. சரிவுக் கூரை அறைக்குச் சராசரி உயரம் 2.75 மீட்டர் வேண்டும் என்கிறது தேசிய விதித்தொகுப்பு. உங்கள் மச்சின் சராசரி 5 அடி 4 இஞ்ச். படிக்கும் அறை, தையல் வேலை, பண்டசாலை என்றால் நடு 8 அடிப் பட்டையை வைத்து ஓட்டலாம். ஆள் நிரந்தரமாகத் தங்கும் அறை வேண்டுமென்றால் பக்கச்சுவரை எழுப்பிக் கூரையையே தூக்க வேண்டும். அதற்கு மாநகராட்சி அனுமதி வாங்க வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடம் 9 மீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடும் உங்கள் பகுதிக்குப் பொருந்தும். தூக்குவதாக முடிவானால் கூரையை முதலில் தூக்குங்கள், படியைப் பிறகு போடுங்கள். முகடு உயர்ந்த பிறகு மேலே சொன்ன கணக்கில் கூரைப் பகுதி முழுக்க மாறிவிடும், ஒருவேளை நேர்ப்படியே போதுமானதாகிவிடும்.

கூரை வேலையைத் தை மாதம் தொடங்கிப் பங்குனிக்குள் முடித்துவிடப் பாருங்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் தேரோடும் மாசி வீதிகளுக்குள் இரும்பு ஏற்றிய வண்டி நுழையாது. ஓட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு உத்திரத்துக்காகக் காத்திருந்தால் கோடை மழை ஒன்று போதும், சுண்ணாம்புச் சுவர் ஊறிவிடும். ரம்பத்தைத் தொடுவதற்கு முன்னால், திறப்பின் அளவை மச்சுப் பலகையின் அடியில் சாக்பீஸால் வரைந்து, படியின் நூலைக் கட்டி, வீட்டிலேயே உயரமானவரை அந்த நூலின் வழியே ஸ்டூல் போட்டு ஒவ்வொரு உயரத்திலும் நிற்க வைத்துப் பாருங்கள். திறப்பைச் சுற்றி மச்சில் 3 அடி 3 இஞ்ச் உயரக் கைப்பிடி, கம்பிக்குக் கம்பி 4 இஞ்சுக்கு மேல் இடைவெளி இல்லாமல், படி முடிகிற அன்றே நின்றாக வேண்டும். அது வரை திறப்பைப் பலகை போட்டு மூடி வையுங்கள்.